மனைநூலும் குளிரூட்டியும்

மனை எடுப்போர் திசையறிந்து எடுத்தல் வேண்டும் என்பது நம் முன்னோர் கொண்ட கொள்கை. கிணறு எம்மூலையில், அடுப்பு எம்மூலையில், படுக்கையறை எப்பக்கத்தில் என்பனவற்றை, நிலையம் எடுக்கும்போதே அவர்கள் முடிவுசெய்துவிடுவர். இம்மரபு யாழ்ப்பாணத்தில் இன்றும் அழியவில்லை. ஆயினும், முன்னோர் கண்டறியாத பொருள்கள் பல இக்காலத்தில் மனைக்குள் வந்து புகுந்துவிட்டன. அவற்றுள், எங்கே வைப்பது என்னும் வினாவைப் பெரிதாக எழுப்புவது குளிரூட்டி. குளிர்சாதனப் பெட்டியை இன்று ஒரு மூலையிலும் நாளை வேறொரு மூலையிலும் வைக்கலாம், தொலைக்காட்சியும் அத்தகையதே. குளிரூட்டி அவ்வாறன்று. அதனை ஒருமுறை பூட்டிவிட்டால், இடம் மாற்றுவதற்குச் சுவரில் இன்னொரு துளை வேண்டும். குழாய்க்குப் புதுச் செலவு வேண்டும். பழைய துளைக்குச் சீமெந்தும் வேண்டும். ஆதலின், பூட்டுவதற்கு முன்னரே ஆராய்தல் அறிவுடைமை.

இக்கட்டுரையைச் சிறப்பாக இருவகையார் படித்தல் வேண்டும் என்பது என் விருப்பம். ஒருவகையார், கடல்கடந்து வாழ்ந்துகொண்டு ஊரிலிருக்கும் தாய் தந்தையர்க்குக் குளிரூட்டி வாங்கிக் கொடுக்கும் நம் பழைய மாணவர். தொலைபேசியிலே பணமும் கட்டளையும் வந்துசேரும். பெட்டி எந்தச் சுவரில் ஏறுவது என்பதை மட்டும் யாரோ ஒருவர் தீர்மானித்துவிடுவார். மற்றொரு வகையார், இலக்கியம் ஒருபுறம் விஞ்ஞானம் ஒருபுறம் என்று பிரித்துப் படிக்கும் இன்றைய மாணவர். இவ்விரண்டும் ஒரே சுவரிற் சந்திக்கும் இடமொன்றை அவர்கட்குக் காட்டலாம் என எண்ணுகின்றேன்.

முதற்கண், பொருள் யாது என அறிதல் வேண்டும். நாம் 'ஏ.சி.' என்று வழங்குவது ஒரு பெட்டியன்று, இரண்டு பெட்டிகள். அறையின் சுவரில் உயரத்தே தொங்குவது உட்பெட்டி. வீட்டின் வெளியே நின்று இரைவது வெளிப்பெட்டி. இரண்டையும் செப்புக் குழாய்கள் இணைக்கின்றன. அக்குழாயினுள்ளே ஓடும் திரவம் உட்பெட்டியில் ஆவியாகி அறையின் வெப்பத்தை வாங்கிக்கொள்கின்றது. கொம்பிறெசர் எனப்படும் அமுக்கியால் நெருக்கப்பட்டு வெளிப்பெட்டியிலே மீண்டும் திரவமாகி, வாங்கிய வெப்பத்தை வெளியே கொட்டுகின்றது. குளிரை இயந்திரம் உண்டாக்குகின்றது என்று நாம் பேசுகின்றோமாயினும், உண்மையில் அது செய்வது வெப்பத்தைச் சுமந்து சென்று வெளியே இறக்கும் கூலி வேலையே. 'ஒரு தொன்' எனப்படும் குளிரூட்டி அறையிலிருந்து ஏறத்தாழ 3.5 கிலோவாற்று வெப்பத்தை எடுக்கும். தான் உண்ணும் மின்சாரம் ஒரு கிலோவாற்று அளவினதாயின், இரண்டையும் சேர்த்து 4.5 கிலோவாற்று வெப்பத்தை வெளியே கக்கும். தொன் என்னும் பெயர் வந்த வரலாறும் சுவையானது. ஒரு தொன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை வாங்குமோ அவ்வளவே ஒரு தொன் குளிர்ச்சி. பனிக்கட்டி விற்ற காலத்து அளவை இன்றும் நம் சுவரில் தொங்குகின்றது.

இவ்வியந்திரத்தை 1902ஆம் ஆண்டில் வில்லிஸ் கரியர் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் வகுத்தார். அது புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்தின் பொருட்டாகும். காற்றின் ஈரத்தால் தாள் விரிந்தும் சுருங்கியும் போக, வர்ணங்கள் ஒன்றன்மேலொன்று பொருந்தாமற் போயின. அக்குறையை நீக்கவே காற்றின் ஈரத்தை அடக்கும் வழி தேடப்பட்டது. மனிதன் சுகமாக உறங்குவதற்கன்று, தாள் சுகமாக இருப்பதற்கே குளிரூட்டி பிறந்தது என்றால் மாணவர் நகைப்பர். எனினும் இச்செய்தியில் நமக்குப் பயனுண்டு. யாழ்ப்பாணத்து வெப்பத்திலே நம்மை வாட்டுவதிற் பாதி ஈரமே. குளிரூட்டி அவ்வீரத்தை நீராக வடித்து வெளியேற்றுகின்றது. அந்த நீர் எங்கே போகும் என்பதும் இடம் தேர்வதில் ஒரு கேள்வி.

இனி மனைநூலின் கூற்றைக் காண்போம். எட்டுத் திசைக்கும் எண்மரைக் காவலராக வகுத்துள்ளனர். கிழக்கு இந்திரனுக்கு, தென்கிழக்கு அக்கினிக்கு, தெற்கு யமனுக்கு, தென்மேற்கு நிருதிக்கு, மேற்கு வருணனுக்கு, வடமேற்கு வாயுவுக்கு, வடக்கு குபேரனுக்கு, வடகிழக்கு ஈசானனுக்கு உரியன. வடநாட்டில் 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் இயற்றிய பிருகத்சங்கிதையிலும், தென்னாட்டிற் பெரிதும் வழங்கும் மயமதத்திலும் மனைக்குரிய விதிகள் விரிவாகப் பேசப்படுகின்றன. இவற்றுள் எதிலும் குளிரூட்டி இல்லை, இருக்கவும் இயலாது. எனவே இக்காலத்தார் ஒப்புமை கொண்டு விதி செய்கின்றனர். "மின்சாரத்தில் இயங்குவது நெருப்பின் இனம், ஆதலால் தென்கிழக்கே அக்கினி மூலையில் வைக்க" என்பர் ஒரு சாரார். "காற்றை வீசுவது காற்றின் இனம், ஆதலால் வடமேற்கே வாயு மூலையில் வைக்க" என்பர் மற்றொரு சாரார். ஈசான மூலையில் வைத்தலாகாது என்பதில் மட்டும் இரு சாராரும் ஒன்றுபடுவர்.

இவ்வொப்புமையைச் சிறிது நீட்டிப் பார்ப்போம். குளிரூட்டி நீரையும் வடிக்கின்றதே. அங்ஙனமாயின் மேற்கே வருணனிடம் கொடுக்கலாமே என மூன்றாம் ஒருவர் கூறினால் என்ன விடை சொல்வது? வெளிப்பெட்டி கனமானது, கனமான பொருள் நிருதி மூலைக்குரியது என நான்காம் ஒருவர் கூறினால்? ஒரே பொருள் நான்கு மூலைக்கும் உரியதாகிவிடும். பொருளின் பெயரை மட்டும் கொண்டு மூலை தேடுவதிலுள்ள குறை இதுதான். நூலை இகழ்வது என் கருத்தன்று. நூல் செய்தார் ஒவ்வொரு திசையையும் எதனை நோக்கி வகுத்தனர் என்று அறிந்து, அந்நோக்கத்தை இப்புதுப் பொருளுக்குப் பொருத்துதல் வேண்டும் என்பதே யான் சொல்லவருவது.

திசையின் நோக்கம் யாது? அதற்கு நம் தமிழிலேயே பழைய சான்று உண்டு. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை 188 அடிகளையுடையது, நக்கீரர் பாடியது. அதிலே அரண்மனை ஒன்று எடுக்கப்படும் முறை சொல்லப்படுகின்றது. நூலறி புலவர், சூரியன் ஒரு பக்கமும் சாயாது உச்சியில் நிற்கும் நண்பகல் வேளையில், நட்ட இரு கோல்களின் நிழலைக் கொண்டு திசையைத் துணிகின்றனர், கயிறிட்டு அளக்கின்றனர், அத்திசைக்குரிய தெய்வங்களையும் கருதுகின்றனர். ஈண்டு இரண்டு செயல்கள் ஒருங்கே நிகழ்தலை மாணவர் உற்று நோக்குக. தெய்வத்தை வணங்கிய அதே கை கோலையும் நட்டது. சூரியன் எங்கே நிற்கின்றது என்று அளந்த பின்னரே திசைக்குப் பெயர் வந்தது. இப்பாட்டுக்கு உரை வகுத்த நச்சினார்க்கினியர் அந்த நாளைச் சித்திரைத் திங்களிலே கொள்வர். பொருத்தமான காலமே. பாண்டியர் தலைநகராகிய மதுரையில் சூரியன் தலைக்கு நேரே உச்சங்கொள்வது அக்காலத்திலேதான்.

தேசப்படத்தை விரித்துப் பார்த்தால் இன்னொன்று விளங்கும். மதுரையும் யாழ்ப்பாணமும் ஏறத்தாழ ஒரே அகலக்கோட்டில் உள்ளன; இரண்டுமே வடக்கு 10 பாகைக்குச் சற்றுக் கீழே. ஆகவே பாண்டியனது அரண்மனைக்குக் கோல் நட்டவர் கண்ட சூரியனே நம் முற்றத்துச் சூரியனும். வராகமிகிரர் வாழ்ந்த உச்சயினியோ 23 பாகையில் உள்ளது. அங்கே நண்பகற் சூரியன் ஆனியில் ஒருமுறை தலைக்கு நேரே வந்துவிட்டு, ஏனைய காலமெல்லாம் தெற்கே சாய்ந்து செல்லும். நமக்கு நிகழ்வது வேறு. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, ஏப்பிரல் நடுப்பகுதியில் சூரியன் நம் தலைக்கு நேரே வருகின்றது. அதன்பின் வடக்கே சென்று, ஓகஸ்ற் கடைசியிலே, அஃதாவது ஆவணி முற்பகுதியிலே, மீண்டும் தலைக்கு நேரே வந்து தெற்கே செல்கின்றது. எனவே ஆண்டில் நாலரை மாதம் நமக்கு நண்பகல் வெயில் வடபுறத்தது. ஆனியில் சூரியன் நேர் மேற்கே மறைவதில்லை. அதிலிருந்து ஏறத்தாழ 24 பாகை வடக்கே தள்ளி மறையும். "வடக்குச் சுவர் எக்காலத்தும் நிழற்சுவர்" என்று ஏட்டிற் படித்ததை நம்பி வெளிப்பெட்டியை வடக்குச் சுவரின் மேற்கு மூலையிலே பூட்டியவர், கடுங்கோடையின் மாலை வெயில் அப்பெட்டியின் முகத்திலே நேராக விழுவதைக் காண்பார். நூல் பொய்யன்று, ஊர் வேறு.

வெயிலைப் போன்றே காற்றும். தமிழர் நாற்றிசைக் காற்றுக்கும் தனித்தனிப் பெயரிட்டவர்கள். தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. இவற்றோடு நம் ஊரவர் வழக்கில் சோளகமும் கச்சானும் உண்டு. வைகாசி தொடங்கிப் புரட்டாதிவரை தென்மேற்கிலிருந்து ஓயாது வீசும் சோளகத்தை யாழ்ப்பாணத்தார்க்கு அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. மார்கழி தை மாதங்களில் வடகிழக்கிலிருந்து காற்று வரும். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் வானை நிறைக்கும் பட்டங்கள் எப்பக்கம் சாய்கின்றன என்று பார்த்தவர்க்கு அதன் திசை தெரியும். மட்டக்களப்பிலுள்ள நம் நண்பர்க்கோ சோளக மாதங்களே கச்சான் மாதங்கள். மலைநாட்டைக் கடந்து ஈரமிழந்து வறண்டு வரும் மேல்காற்று அங்கே உடலைச் சுடும்.

வீட்டிலே காற்றுக்கு வழிவிடும் வாயிலுக்குப் பழந்தமிழிற் 'காலதர்' என்று பெயர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. மானின் கண்ணைப் போன்ற காலதர்களையுடைய மாளிகைகளைச் சிலப்பதிகாரம் புகார் நகரிலே காட்டுகின்றது. இன்று நாம் வழங்கும் 'யன்னல்' போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொல். சொல் மாறியபோது பொருளும் ஓரளவு மாறிவிட்டது போலும். நெடுநல்வாடையின் அரண்மனையில் வேனிற்காலத்துக்கென்றே தென்றல் வரும் பள்ளியறை தனியாக இருந்தது. கூதிர்க்காலத்தில் அதன் கதவுகள் தாழிடப்பட்டன. விசிறிகள் தொழிலின்றித் தொங்கின. காலத்துக்கேற்ப அறை மாறினர் என்பது கருத்து. நம் நாற்சார் வீடுகளும் அவ்வாறே. நடுமுற்றத்தின் வழியே சூடான காற்று மேலெழும். விறாந்தை வெயிலைத் தடுக்கும். கோடையில் பாயை எடுத்துக்கொண்டு தலைவாசலுக்கு வந்துவிடலாம். கொங்கிறீற்றுத் தளமிட்ட புதுவீட்டிலோ பகலெல்லாம் தளம் உண்ட வெயிலை இரவெல்லாம் நம்மீது உமிழ்கின்றது. குளிரூட்டி வந்து புகுந்தது அதனாலேயாம்.

இவ்வளவும் முன்னுரை. இனி வெளிப்பெட்டிக்கு இடங்காண்போம். அதற்கு வேண்டுவன நிழலும், தடையற்ற காற்றும். தான் கக்கும் சூட்டைத் தானே மீண்டும் உறிஞ்சுமாறு அடைபட்டு நின்றாலும், வெயிலிற் காய்ந்து நின்றாலும், அதே குளிருக்கு அது கூடுதலான மின்சாரத்தை உண்ணும். நம் நாட்டில் வீட்டு மின்கட்டணம் பாவனை ஏற ஏற அலகொன்றின் விலையும் ஏறும் வகையில் வகுக்கப்பட்டிருப்பதை மறத்தலாகாது. ஒரு கிலோவாற்று உண்ணும் இயந்திரம் இரவில் 8 மணி நேரம் ஓயாது ஓடினால் 8 அலகு. ஒரு மாதத்துக்கு 240 அலகு. அமுக்கி இடையிடையே ஓய்வதாலும் வேகங் குறைவதாலும் உண்மைக் கணக்கு இதனிற் குறையும். ஆயினும் ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்க்கு, பெட்டி நிழலில் நிற்பதும் வெயிலில் நிற்பதும் ஒன்றல்ல.

மேற்குச் சுவர் பிற்பகல் வெயிலை முழுதும் வாங்குவது. தெற்குச் சுவர் புரட்டாதி முதல் பங்குனிவரை வெயிலையும், சோளக மாதங்களிற் காற்றின் எதிர்ப்பையும் தாங்குவது. வடக்குச் சுவரைப் பற்றி மேலே கூறினேன். வேம்போ மாவோ வடமேற்கில் நின்றால் அச்சுவர் நன்று. எஞ்சியது கிழக்குச் சுவர். அங்கே காலை வெயில் விழும்; ஆனால் குளிரூட்டி பெரும்பாலும் இயங்கும் பிற்பகலிலும் இரவிலும் அது நிழலில் இருக்கும். சோளகம் வீட்டின் பின்புறமிருந்து வருவதால், வெளிப்பெட்டியின் விசிறி காற்றோடு போராடாமல் சூட்டைக் காற்றின் போக்கிலேயே விட்டுவிடும். அச்சுவரின் வடபாதியில் ஈசான மூலைக் கிணறும் துளசியும் இருத்தல் நம்மவர் வழக்கம். நீரள்ளப் போகிறவர் முகத்திற் சூடான காற்று அடிக்கலாகாது. ஆதலின் கிழக்குச் சுவரின் தென்பாதியே சிறந்தது. அஃது எம்மூலை? அக்கினி மூலையன்றோ! வெப்பத்தைக் கக்குவது வெளிப்பெட்டியே. வெப்பத்துக்குரிய மூலை தென்கிழக்கே. பெயரொப்புமையால் சொன்னவர்களும் வெயிலும் காற்றும் அளந்து சொல்பவர்களும் இவ்விடத்தில் ஒன்றுபடுகின்றனர். இங்ஙனம் ஒன்றுபடும்போது மகிழ்வோம். ஒன்றுபடாத இடத்திலே காரணத்தைத் தேடுவோம்.

இடங்கண்ட பின்னர் அதனைக் கெடுத்துக்கொள்வோரும் உளர். திருடர்க்கு அஞ்சிப் பெட்டியை நெருக்கமான கம்பிக் கூட்டுக்குள் அடைப்பர். மழைக்கு அஞ்சி மூன்று பக்கமும் தகரம் அடிப்பர். பெட்டி மழைக்குத் தாங்கும்படியே செய்யப்பட்டது. அதற்கு மேலே ஓரிரண்டடி உயரத்தில் சிறு கூரை போதும். பின்புறம் சுவரிலிருந்து ஓரடியேனும் விலகியும், முன்புறம் மறைப்பின்றியும் இருத்தல் வேண்டும். இன்னின்ன இடைவெளி என்பதை ஒவ்வொரு பெட்டியோடும் வரும் கைநூலிற் காணலாம். கடற்காற்று நேரே படும் மனைகளில், கடலை நோக்காத சுவரைத் தேர்வதும், பெட்டியின் தகடுகளை இடையிடையே நல்ல நீரால் கழுவுவிப்பதும் நலம். உப்பு அத்தகடுகளை அரித்துவிடும்.

உட்பெட்டிக்கு விதி வேறு. வெளிப்பெட்டி வெயிலையும் காற்றையும் பார்க்கும். உட்பெட்டி படுத்திருப்பவரைப் பார்த்தல் வேண்டும். இதனை மறந்ததால் விளைந்த ஒன்றை நான் அறிவேன். எங்கள் ஊரிலே எண்பதைக் கடந்த ஓர் ஆச்சி தனியாக இருக்கின்றார். மகன் கனடாவில். ஒரு சித்திரை விடுமுறைக்கு வந்தவர் தாய் வெக்கையில் உறக்கமின்றிப் புரள்வதைக் கண்டு, நல்ல விலையில் ஒரு குளிரூட்டியை வாங்கிப் பூட்டுவித்தார். அறையின் அக்கினி மூலையிலேதான் பூட்ட வேண்டும் என்று யாரோ கூற, அப்படியே நடந்தது. ஆச்சி கிழக்கே தலைவைத்துப் படுப்பவர். கட்டிலும் அம்மூலையோடு ஒட்டியே கிடந்தது. இரவெல்லாம் உச்சந்தலையிலும் பிடரியிலும் குளிர் விழுந்தது. மகன் நின்ற இரண்டு கிழமையும் ஆச்சி வாய் திறக்கவில்லை. அவர் விமானமேறிய அன்றிரவே அதனை நிறுத்திவிட்டு, விறாந்தையிற் பாய் விரித்தார். "பிள்ளை காசு செலவழிச்சுப் பூட்டினது, வேண்டாமெண்டு எப்பிடிச் சொல்லுறது?" என்று என் மனைவியிடம் கேட்டாராம். தொலைபேசியில் மகன் கேட்கும்போதெல்லாம், "குளிராய் நல்லாயிருக்கு, மோனை" என்பதே விடை. கட்டிலைத் திருப்பிப் போட்டாலே பாதிக் குறை தீர்ந்திருக்கும். கட்டிலைத் திருப்ப ஆச்சி உடன்படார். மேற்கே கால் நீட்டிப் படுத்துப் பழகிய உடல் அது. மூலையைக் கேட்டறிந்தவர்கள் ஆச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

குளிர்ந்த காற்று கனமானது, கீழே விழும். ஆகையால் உட்பெட்டி தரையிலிருந்து 7 அல்லது 8 அடி உயரத்தில், மேற்கூரையோடு ஒட்டாமல் சிறிது இடைவெளி விட்டு இருத்தல் வேண்டும். காற்றைத் திருப்பும் இதழ்களைக் கிடையாக வைத்தால், காற்று கூரையை ஒட்டி ஓடி, எதிர்ச்சுவரை அணுகி, மெல்ல இறங்கும். இதழைக் கீழ்நோக்கித் திருப்பிக் கட்டிலுக்கு நேரே விடுவது உறங்குபவர்க்கு நல்லதன்று. முதியோர்க்கும் குழந்தைகட்கும் மூட்டுவலியுடையோர்க்கும் சிறப்பாக நல்லதன்று. தலைக்கு நேர்மேலே உள்ள சுவரும் தவிர்க்கத்தக்கது. நீர் வடியும் குழாய் அடைபட்டால் முதல் துளி தலையணையிலே விழும். துப்புரவு செய்ய வருபவரும் கட்டில்மேல் ஏறி நிற்பார். கட்டிலின் பக்கவாட்டுச் சுவரில், காலடிப் பக்கமாக, காற்று உடலைக் குறுக்கறுத்துக் கடந்து செல்லுமாறு வைப்பதே தக்கது.

மனைநூல் வழியொழுகுவோர் வீடுகளிற் பெரும்பாலும் காணப்படும் அமைப்பொன்றை எடுத்துக்கொண்டு இதனைப் பொருத்திப் பார்ப்போம். குடும்பத் தலைவரின் படுக்கையறை தென்மேற்கு மூலையில் உள்ளது. வடக்கே தலைவைத்துப் படுத்தலாகாது என்னும் விதிப்படி தலை தெற்கே, கால் வடக்கே. அறைக்கு வெளிச்சுவர் இரண்டு: தெற்கும் மேற்கும். தெற்குச் சுவர் தலைமாடு; அங்கே உட்பெட்டி ஆகாது. மேற்குச் சுவரின் வடக்கு முனையிலே பூட்டினால் காற்று காலடியைக் குறுக்கறுத்துச் செல்லும். வடிநீர்க் குழாய்க்கும் வெளியே நேர்வழி கிடைக்கும். அவ்வறையளவில் அது வடமேற்கு, அஃதாவது வாயு மூலை. காற்றை வீசும் பெட்டி காற்றுக்குரிய மூலையிலே அமைந்துவிட்டது. நாம் வலிந்து தேடாமலே அமைந்தது. மேலே கண்ட இரு சாராரில் ஒருவர் வெளிப்பெட்டியையும் மற்றவர் உட்பெட்டியையும் மனத்துட்கொண்டு பேசினர் என்று கொண்டால் இருவரும் வழக்கில் வென்றவராவர்.

ஆனால் இவ்வறையின் வெளிப்பெட்டியைக் கிழக்குச் சுவருக்குக் கொண்டுபோக இயலாது. குழாய் வீட்டைக் குறுக்கறுத்து 30 அல்லது 40 அடி ஓட வேண்டும்; செலவும் ஏறும், குளிரும் குறையும். அக்கினி மூலை வேண்டும் என்று அவ்வாறு இழுத்துச் சென்றோரும் இல்லாமலில்லை. என் தீர்ப்பு, தெற்குச் சுவரிலே மேற்கு முனையைத் தவிர்த்து, ஒரு நிழற்கூரையின் கீழ் வைத்தல் என்பது. அறை 12 அடியாயின், மூலையைச் சுற்றிக் குழாய் 15 அடியளவில் முடிந்துவிடும். வெயில் படும் குழாய்ப்பகுதிக்கு நல்ல உறையிடுதல் வேண்டும். இரவில் மட்டும் இயக்குவோர், மேற்கே பெருமரம் நின்றால், உட்பெட்டிக்கு நேர்பின்னே மேற்குச் சுவரிலேயே வைத்துக்கொள்ளலாம். வெயில் மறைந்தபின் பெட்டி விரைவில் ஆறிவிடும். மரமில்லாத இடத்தில் ஆண்டுதோறும் காயும் வெயிலால் உறையும் பிளாஸ்ரிக் பாகங்களும் நைந்துபோம்.

கொழும்பிலே தொடர்மாடியில் வாழும் நம்மவர்க்கு இவ்வாராய்ச்சியிற் பாதி பயன்படாது. வெளிப்பெட்டிக்குக் கட்டிடக்காரர் ஒதுக்கிய தட்டு ஒன்றேயிருக்கும். அது எத்திசையாயினும் அதுவே திசை. அவர்கள் உட்பெட்டியையும் கட்டிலையும் மட்டும் கவனித்தாற் போதும். அயல் வீட்டாரின் யன்னலுக்குள் சூடு போகாமலும், வடிநீர் கீழ்மாடிக்காரரின் துணியில் விழாமலும் பார்த்துக்கொள்ளுதல் அயலறம்.

உள்ளே வெப்பநிலையை 18 பாகையில் வைத்துப் போர்வைக்குள் நடுங்குவதிற் பொருளில்லை. 26 பாகையில் வைத்து, மின்விசிறியை மெல்லச் சுழலவிட்டாற் பெரும்பாலோர்க்குப் போதும். இன்னொன்று பலர் அறியாதது: சுவரிற் பூட்டும் இவ்வகைக் குளிரூட்டி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை; அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிரவைக்கின்றது. அடைத்த அறையில் மூச்சுக் காற்று தேங்கும். ஆகவே அங்கே சாம்பிராணியும் விளக்கும் எரிய விடாதீர்கள். காலையில் எழுந்ததும் காலதரைத் திறந்துவிடுங்கள். 2022ஆம் ஆண்டிலே நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் நின்றபோது, திறக்கவே இயலாதபடி கண்ணாடி பதித்த அறைகளைக் கட்டியவர்கள் முற்றத்துக்கு ஓடிவந்ததை நாம் கண்டோம். குளிரூட்டி உள்ள அறைக்கும் திறக்கக்கூடிய யன்னல் இரண்டு, எதிரெதிராகவோ அடுத்தடுத்த சுவர்களிலோ, வேண்டும். பழைய நாற்சார் வீடுகளில் இயந்திரம் பூட்ட விரும்புவோர், ஓட்டுக்கும் சுவருக்கும் இடையேயுள்ள வெளியை முதலில் அடைத்து, அவ்வோர் அறைக்கு மட்டும் உட்கூரை இடுதல் வேண்டும். இல்லையேற் குளிரெல்லாம் ஓட்டின் வழியே காகத்துக்குப் போகும்.

புதுவீடு எடுப்பவர்கள் சுவருக்குப் பூச்சு முடிவதற்கு முன்பே மேசனிடம் கூறி, உட்பெட்டி வரும் இடத்திற் குழாய்க்குரிய துளையை விட்டுவைத்தல் நன்று. அத்துளை வெளிப்புறமாகச் சற்றுத் தாழ்ந்திருத்தல் வேண்டும். மறந்தால் மழையும் வடிநீரும் அறைக்குள்ளேயே திரும்பி வரும். குளிரூட்டிக்கெனத் தனி மின்கம்பியும் அப்போதே இழுத்துவிடலாம். வடிநீரோ ஓர் இரவில் சில லீற்றர் சேரும். அதனைக் குடிக்கலாகாது. குழாயின் நுனியை ஒரு வாழையடிக்கு நீட்டிவிட்டாற் கோடையிலும் அவ்வாழைக்கு நீர் குறையாது.